யோ-யோ டெஸ்ட்டில் ஃபெயில் ஆனவன் விளையாட்டில் ஃபெயிலா?

1/
சில மாசம் முன்னாடி எங்க ஓ.பி.யில் ஒரு பையன் வந்தான். வயசு 18. கடப்பாக்கம் பக்கத்துல ஒரு குப்பம். கல்லூரி முதல் வருஷம். வேகப்பந்து வீச்சு. ஈ.சி.ஆர். ஓரத்துல நடக்குற டென்னிஸ் பால் டோர்னமெண்ட் எல்லாத்துலயும் அவனைத் தேடி வந்து கூட்டிட்டுப் போவாங்க.

உட்கார்ந்ததும் கேட்டது இதுதான்: "சார், ஓடும்போது மூச்சு வாங்காம இருக்க ஊசி ஏதாவது இருக்கா? இல்லைன்னா ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்தி விடுங்க."

(அவன் சம்மதத்தோட, அடையாளங்களை மாத்தி எழுதுறேன். நீளமான இழை. பொறுமையா படிங்க.)

2/
எதுக்குப்பா ஊசின்னு கேட்டேன். மெதுவா சொன்னான்.

19 வயசுக்கு உட்பட்டவங்களுக்கு ஒரு தேர்வு முகாம். ராத்திரி ரெண்டரை மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பி, ரெண்டு பஸ் மாறிப் போயிருக்கான். வயித்துல ஒரு டீ, ஒரு பன். மைதானத்துல முதல் வேலையே பீப் சத்தத்துக்கு ஓடுற டெஸ்ட். கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னுட்டான். "அவ்வளவுதான், கிளம்பலாம்"னு சொல்லிட்டாங்க.

"கையில பந்தே குடுக்கலை சார்."

அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைஞ்சது.

3/
அதுக்கு முன்னாடி உடம்பு எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். முகாமுக்கு மூணு வாரம் முன்னாடி டெங்கு. அஞ்சு நாள் அட்மிஷன். முகாம்ல யாராவது இதைக் கேட்டாங்களா? இல்லை. இவனும் சொல்லலை, சொன்னா சேர்க்க மாட்டாங்கன்னு பயம்.

கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளிறி இருந்துச்சு. ரத்தம் எடுத்தோம். ஹீமோகுளோபின் 10.2. வளர்ந்த ஆணுக்குக் குறைஞ்சது 13 இருக்கணும்.

அன்னிக்கு மைதானத்துல தோத்தது அவனோட பந்துவீச்சு கிடையாது. அவனோட ரத்தம்.

4/
இந்த இழையில நான் சொல்ல வர்றது இதுதான்:

விளையாட்டு வீரனுக்கு உடல்தகுதி டெஸ்ட் வைக்கிறது சரி. ஒரே ஒரு நாள் ஓட்டத்தை வெச்சு அவன் கதையை முடிக்கிறது தப்பு. அந்த டெஸ்ட்டுல தோத்த பெரிய வீரர்கள் இருக்காங்க. அவங்களைக் காப்பாத்தினது ரெண்டாவது வாய்ப்பு. நம்ம ஊர் பசங்களுக்கு அந்த ரெண்டாவது தேதி கிடைக்கிறதில்லை.

5/
முதல்ல இந்த யோ-யோ டெஸ்ட் என்னன்னு பார்ப்போம்.

டென்மார்க்கைச் சேர்ந்த விளையாட்டு உடலியல் நிபுணர் யென்ஸ் பாங்ஸ்போ 1990-களில் கால்பந்து வீரர்களை மனசுல வெச்சு உருவாக்கினது. 20 மீட்டர் தூரத்துல ரெண்டு கோடு. பீப் அடிச்சதும் ஓடணும், அடுத்த பீப்புக்குள்ள மறு கோட்டைத் தொட்டுத் திரும்பணும். அப்புறம் 10 செகண்ட் ஓய்வு, 5 மீட்டர் நடந்துட்டு வரலாம். மறுபடி பீப். போகப் போக பீப்புக்கு இடையில நேரம் குறையும். ஒரு தடவை பிந்தினா எச்சரிக்கை. ரெண்டாவது தடவை பிந்தினா வெளியே.

6/
2017-ல் இந்திய கிரிக்கெட் அணிக்கு வெச்ச கட்-ஆஃப் 16.1. கணக்குப் போட்டா மொத்தம் 1120 மீட்டர் ஓட்டம். பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும்.

2021-ல் 2 கிலோமீட்டர் ஓட்டமும் சேர்ந்துச்சு: வேகப்பந்து வீச்சாளர்களுக்கு 8 நிமிஷம் 15 செகண்ட், மத்தவங்களுக்கு 8 நிமிஷம் 30 செகண்ட். 2023 ஜனவரியில் யோ-யோவும், எலும்பு, தசை, கொழுப்பு அளவைக் காட்டும் டெக்ஸா ஸ்கேனும் தேர்வுக்கான அளவுகோல்ல சேரும்னு பி.சி.சி.ஐ. அறிவிச்சது. 2025-ல் பிராங்கோ டெஸ்ட்: 20, 40, 60 மீட்டர் போய்த் திரும்பி, அதையே அஞ்சு தடவை, நடுவுல ஓய்வே இல்லாம, மொத்தம் 1200 மீட்டர்.

பேரு மாறிட்டே இருக்கு. கேள்வி ஒண்ணுதான்: ஓடி முடிச்சியா?

7/
இதுல தோத்தவங்க யாருன்னு பாருங்க.

வாஷிங்டன் சுந்தர். நம்ம சென்னைப் பையன். 2017-ல் யோ-யோவில் தேறலை. பயிற்சி எடுத்து மறுபடி ஓடினார், தேறினார். அதே வருஷம் டிசம்பர்ல, 18 வயசுல, இலங்கைக்கு எதிரா இந்தியாவுக்கு ஆடிட்டார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன்ல முதல் டெஸ்ட் மேட்ச், முதல் இன்னிங்ஸ்ல 62 ரன். அந்த மேட்ச் எப்படி முடிஞ்சதுன்னு உங்களுக்கே தெரியும்.

8/
அம்பத்தி ராயுடு. 2018 ஐ.பி.எல்.லில் நம்ம சி.எஸ்.கே.வுக்காக 602 ரன். இங்கிலாந்து ஒரு நாள் தொடருக்கு எடுத்தாங்க. யோ-யோவில் தேறலைன்னு நீக்கிட்டாங்க. அவருக்குப் பதிலா போனது யார்? சுரேஷ் ரெய்னா. அந்த ரெய்னாவே 2017-ல் இதே டெஸ்ட்டுல தோத்தவர்!

ஒரு வருஷம் முன்னாடி "தகுதி இல்லை"ன்னு சொன்ன அதே டெஸ்ட், அடுத்த வருஷம் அவரை உள்ளே விட்டுச்சு. ராயுடுவும் பிறகு தேறி, அதே செப்டம்பர்ல ஆசியக் கோப்பைக்கு வந்துட்டார்.

9/
வருண் சக்ரவர்த்தி. 2021 மார்ச், இங்கிலாந்துக்கு எதிரான டி-20 தொடர். அணியில் பேர் வந்தாச்சு. உடல்தகுதி டெஸ்ட்டுல தேறலை, ஆட முடியலை.

நாலு வருஷம் கழிச்சு, 2025 மார்ச், துபாய், சாம்பியன்ஸ் டிராஃபி. நியூசிலாந்துக்கு எதிரா 42 ரன் குடுத்து 5 விக்கெட். மூணே மேட்ச்ல மொத்தம் 9 விக்கெட். கோப்பை நமக்கு.

2021-ல் ஒருத்தர் "ஓட முடியாதவன் எதுக்கு?"ன்னு ஃபைலை மூடியிருந்தா இது நடந்திருக்குமா?

10/
இவங்க எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. டெஸ்ட்டுல தோத்த மறுநாளே அவங்களுக்குப் பயிற்சியாளர், பிசியோ, டாக்டர், சாப்பாட்டுக்கு ஆள், ரத்தப் பரிசோதனை எல்லாம் கிடைச்சது. முக்கியமா, "எப்போ திரும்ப ஓடுறீங்க?"ன்னு ஒரு தேதி கிடைச்சது.

என் ஓ.பி.யில் உட்கார்ந்திருந்த பையனுக்குக் கிடைச்சது ரிட்டர்ன் பஸ்.

11/
இது கிரிக்கெட்டோட மட்டும் நிக்கலை. அமெரிக்காவுல இதையே ஒரு திருவிழாவா நடத்துறாங்க.

அங்க "ஃபுட்பால்"னா முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், இடிச்சுத் தள்ளுற ஆட்டம். கல்லூரியில் ஆடுற பசங்களைத் தொழில்முறை அணிகள் வரிசையா தேர்ந்தெடுப்பாங்க. அதுக்குப் பேரு டிராஃப்ட். அதுக்கு முன்னாடி "கம்பைன்"னு ஒரு முகாம்: 40 கெஜம் (சுமார் 36.6 மீட்டர்) ஓட்டம், நின்ன இடத்துல இருந்து குதி, 102 கிலோ எடையை எத்தனை தடவை தூக்குறே, இப்படி. செகண்டுல பத்துல ஒரு பங்கு வித்தியாசம் பல கோடி ரூபாய் வித்தியாசமா மாறும்.

12/
2000-ல் டாம் பிரேடின்னு ஒரு பையன் அந்த 40 கெஜத்தை 5.28 செகண்டுல ஓடினார். அந்த ஆட்டத்துல அது ரொம்ப மெதுவு. 198 பேரை எடுத்த பிறகுதான் அவரை எடுத்தாங்க. அவர்தான் பின்னாடி 7 தடவை சூப்பர் பௌல் கோப்பை ஜெயிச்சார். அந்த ஆட்டத்தோட வரலாற்றுலயே வேற எந்த வீரருக்கும் அத்தனை இல்லை.

2017-ல் ஜான் ராஸ் 4.22 செகண்ட் ஓடி அப்போதைய சாதனையை முறியடிச்சார். 9-வது ஆளா எடுத்துட்டாங்க. முதல் சீசன்ல அவர் ஒரு பந்துகூடப் பிடிக்கலை. காயங்களும் விடலை.

13/
"ரெண்டு உதாரணம் சொல்லி ஏமாத்தாதீங்க டாக்டர்"னு நீங்க கேட்கலாம். நியாயம். நாங்களும் ஒரு நோயாளியை வெச்சு மருந்தை முடிவு பண்ண மாட்டோம்.

2008-ல் குஸ்மிட்ஸ், ஆடம்ஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள், கம்பைன் மதிப்பெண்ணையும் பின்னாடி அந்த வீரர்கள் ஆடின ஆட்டத்தையும் ஒப்பிட்டாங்க. பந்தோட ஓடுற "ரன்னிங் பேக்" வீரர்களுக்கு ஓட்ட நேரம் கொஞ்சம் பொருந்துச்சு. மத்தபடி தொடர்ச்சியான சம்பந்தம் எதுவும் தெரியலை.

ஓடுறதே வேலையா இருக்கிறவனுக்கு ஓட்ட டெஸ்ட் உதவுது. மத்தவங்க விஷயத்துல அது பாதிக் கதைதான் சொல்லுது.

14/
இப்போ என் பாடத்துக்கு வர்றேன். யோ-யோ உண்மையில எதை அளக்குது?

கடுமையா ஓடின பிறகு உடம்பு எவ்வளவு சீக்கிரம் சுதாரிக்குதுன்னு அளக்குது. அதுக்கு நுரையீரல் காத்தை இழுக்கணும், இதயம் பம்ப் பண்ணணும், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கணும், தசை அதை வாங்கி எரிக்கணும். வேகப்பந்து வீச்சாளன் ஒரு பந்து போட்டுட்டு நடந்து திரும்பி அடுத்த பந்துக்கு ஓடி வர்றான் பாருங்க, அதுவும் இதே வேலைதான். அதனால டெஸ்ட் அர்த்தமில்லாததுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா பந்து எங்க விழும், பேட்ஸ்மேன் மனசுல என்ன ஓடுது, 19-வது ஓவர்ல கை நடுங்குமா, இதை எந்த பீப்பும் அளக்காது.

15/
அந்தச் சங்கிலியில ஒரு கண்ணி பலவீனமா இருந்தாலும் மொத்தமும் கீழே விழும். நம்ம ஊர்ல அடிக்கடி அறுந்து கிடக்குற கண்ணி ரத்தம்.

தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) சொல்றது: இந்தியாவுல 15-லிருந்து 19 வயசுப் பசங்கள்ல 31.1% பேருக்கு ரத்தசோகை. அதே வயசுப் பெண்கள்ல 59.1%. பத்துப் பெண்களை ஓட விட்டா ஆறு பேர் பாதிச் சரக்கோட ஓடுற லாரி மாதிரிதான்.

அந்தப் பொண்ணு மூச்சு வாங்கி நின்னா, "ஸ்டாமினா இல்லை"ன்னு எழுதுவாங்க. யாரும் இமையை இழுத்துப் பார்க்க மாட்டாங்க.

16/
டெங்கு மாதிரி வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் அசதி பல வாரம் இழுக்கும். பிளேட்லெட் ஏறிடுச்சு, டிஸ்சார்ஜ் ஆகிட்டோம், அதனால ஓடலாம்னு கிடையாது. சில வைரஸ்கள் இதயத் தசையையே வீங்க வைக்கும். அந்த நேரத்துல முழு வேகத்துல ஓடினா உயிருக்கே ஆபத்து.

ஆக, "காய்ச்சல் வந்து எத்தனை நாள் ஆச்சு?"ன்னு முகாம்ல கேட்கிற அந்த ஒரு கேள்வி ஒரு உயிரைக் காப்பாத்தும்.

17/
மறுபக்கத்தையும் சொல்லணும். எங்க ஊர் பி.டி. மாஸ்டர் ஒருத்தர் என்கிட்ட சொன்னார்: "சார், ஸ்டாப் வாட்ச்சுக்கு எங்க அப்பா யாருன்னு தெரியாது. சிபாரிசு தெரியாது, சாதி தெரியாது. நம்ம பசங்களுக்கு நியாயம் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். அதையும் எடுத்துடாதீங்க."

இதுக்கு என்கிட்ட எதிர்வாதம் இல்லை. கண்ணால பார்த்து "இவன் நல்லா ஆடுறான்"னு சொல்றதுல யார் யாருக்குச் சாதகமா சொல்வாங்கன்னு நமக்குத் தெரியாதா?

அதனாலதான் டெஸ்ட் இருக்கணும்னு சொல்றேன். ஆனா ஸ்டாப் வாட்ச்சுக்கு இன்னொண்ணும் தெரியாது: இவன் ரெண்டரை மணிக்கு பஸ் ஏறினானா, பக்கத்து ஹோட்டல்ல தூங்கி எழுந்து வந்தானா. அமெரிக்காவுல அந்தப் பசங்க இந்த ஒரு டெஸ்ட்டுக்காகவே வாரக்கணக்கா தனிப் பயிற்சி எடுக்குறாங்க. ஒருத்தனுக்குப் பயிற்சியாளர் கிடைச்சாரா இல்லையாங்கிறதும் அந்த நம்பர்ல ஒளிஞ்சு இருக்கு.

18/
ஒரே நாள்ல வாழ்க்கை முடிவாகும்னா பசங்க என்ன வேணா செய்வாங்க. இது என் பயம்.

2024 ஆகஸ்ட், செப்டம்பர்ல ஜார்க்கண்ட்ல கலால் துறைக் காவலர் தேர்வு. ஆண்களுக்கு 60 நிமிஷத்துல 10 கிலோமீட்டர் ஓட்டம். வெயிலும் புழுக்கமும். பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் செத்துப் போனாங்க. அப்புறம்தான் தேர்வைச் சில நாள் நிறுத்தி வெச்சாங்க.

காலையில நாலரை மணிக்கு ஈ.சி.ஆர்.ல போனா பார்க்கலாம், போலீஸ் செலக்‌ஷனுக்கும் ராணுவத்துக்கும் ஓடுற நம்ம பசங்களை. போலீஸுக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும். அவங்க ஒவ்வொருத்தரும் ஒரு வீட்டோட நம்பிக்கை.

19/
அந்தக் குளுக்கோஸ் விஷயத்துக்கு வர்றேன்.

500 மில்லி பாட்டில் 5% குளுக்கோஸ்ல இருக்கிற சர்க்கரை 25 கிராம். அஞ்சாறு டீஸ்பூன் சர்க்கரை. ரெண்டு டம்ளர் ஸ்ட்ராங் டீயில போட்டுக் குடிக்கிற அளவு. இதை நரம்புல ஏத்தினா ஸ்டாமினா வராது.

"பவர் ஊசி"ன்னு சில இடத்துல போடுறது பல நேரம் ஸ்டீராய்டு. வலி ஊசியும் மாத்திரையும் போட்டுட்டு, தண்ணி குடிக்காம வெயில்ல ஓடினா சிறுநீரகம் அடி வாங்கும். ஜிம்ல விக்கிற "ப்ரீ-வொர்க்கவுட்" பவுடர் பலதுல அளவுக்கு மீறின கஃபீன். படபடப்பு இருக்கிற இதயத்துக்கு அது எமன்.

அன்னிக்கு அவனுக்கு நான் ஊசியும் போடலை, பாட்டிலும் ஏத்தலை. கோபமாத்தான் பார்த்தான்.

20/
தேர்வு நடத்துறவங்ககிட்ட, அது எந்த விளையாட்டா இருந்தாலும் சரி, ஒரு அரசு டாக்டரா நான் கேட்கிறது நாலுதான்:

அ) முதல்ல பந்தைக் குடுங்க, அப்புறம் ஓட விடுங்க. ஆட்டத்தைப் பார்த்தாச்சுன்னா ஓட்டத்துல தோத்தவனை மறக்க முடியாது.

ஆ) தேறாதவனுக்கு நாலு வாரமோ ஆறு வாரமோ கழிச்சு மறுதேதி குடுங்க. இந்திய அணிக்கு ஒரு நியாயம், குப்பத்துப் பையனுக்கு ஒரு நியாயமா?

இ) கட்-ஆஃபைத் தாண்டினா போதும்னு வைங்க. 16.1 எடுத்தவனைவிட 17.5 எடுத்தவன் நல்ல பந்துவீச்சாளர்னு எந்த மருத்துவப் புத்தகத்துலயும் இல்லை.

ஈ) வெயில் ஏறும் முன்னாடி முடிங்க. தண்ணி, ஐஸ், ஆம்புலன்ஸ், ஒரு டாக்டர். வெப்பத்தாக்கு வந்தவனை முதல்ல தண்ணி ஊத்தி, ஐஸ் வெச்சுக் குளிர வைக்கணும். வண்டியில ஏத்துறது அடுத்த வேலை.

21/
ஓடுற தம்பி, தங்கச்சிங்களுக்கு:

டெஸ்ட்டுக்கு மூணு மாசம் முன்னாடியே ஹீமோகுளோபின் பாருங்க. அரசு ஆஸ்பத்திரியில இலவசம். குறைஞ்சிருந்தா இரும்புச்சத்து மாத்திரை. மாசத்துக்கு 1-லிருந்து 2 கிராம் வரைக்கும் ஏறும், அதுக்கு மேல அவசரப்படுத்த முடியாது. சாப்பாட்டோடயும் மாத்திரையோடயும் டீ குடிக்காதீங்க, இரும்பை உடம்புல சேர விடாது.

ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்திருந்தாலோ, குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருந்தாலோ, ஓடுறதுக்கு முன்னாடி ஈ.சி.ஜி. எடுங்க, டாக்டரைப் பாருங்க.

காய்ச்சல் வந்திருந்தா மறைக்காதீங்க. ஒரு வாய்ப்பு போனா இன்னொண்ணு தேடலாம். உயிருக்கு மறுதேதி கிடையாது.

22/
பெத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. டெஸ்ட்டுல தோத்துட்டு வர்ற பிள்ளைகிட்ட "அப்பவே சொன்னேன், இது நமக்கு ஒத்துவராது"ன்னு தயவுசெய்து சொல்லாதீங்க. முதல் நாள் சோறு போடுங்க. ரெண்டாம் நாள் ரத்தம் பார்க்கக் கூட்டிட்டு வாங்க.

23/
அந்தப் பையன் கதை என்னாச்சு?

ரத்தசோகைக்குக் காரணம் தேடினோம். குடல்ல கொக்கிப்புழு. வெறுங்கால்ல மண்ணுல ஓடுற பசங்களுக்கு வர்றதுதான். புழு மாத்திரை, மூணு மாசம் இரும்புச்சத்து மாத்திரை. போன வாரம் ஹீமோகுளோபின் 13.1. பள்ளிக்கூட மைதானத்துல பி.டி. மாஸ்டர் மொபைல்ல பீப் சத்தம் போட்டு ஓட விட்டிருக்கார். அன்னிக்கு முகாம்ல வெச்ச கட்-ஆஃபைத் தாண்டி நாலு சுற்று கூடுதலா ஓடியிருக்கான்.

சந்தோஷமான முடிவுன்னு நினைக்காதீங்க. அடுத்த முகாம் அடுத்த வருஷம். அப்போ அவனுக்கு 19 தாண்டிடும். அந்தக் கதவு மூடிடுச்சு. இனி சீனியர் லீக், கல்லூரி அணின்னு சுத்து வழியிலதான் போகணும்.

ஆறு வாரம் கழிச்சு ஒரு மறுதேதி. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

24/
போன வாரம் ரிசல்ட் வாங்கிட்டுக் கிளம்பும்போது கதவுகிட்ட நின்னு கேட்டான்: "சார், ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு. போடலாமா?"

போடுப்பான்னு சொன்னேன். செருப்புப் போட்டுட்டு கிரவுண்டுக்குப் போன்னும் சொன்னேன்.

உங்க ஊர்ல இப்படி ஓடுற பசங்க இருந்தா இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க. தேர்வு நடத்துறவங்க யாரையாவது தெரிஞ்சா 20-ம் பதிவை மட்டுமாவது படிக்கச் சொல்லுங்க.


ஒரு அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.,
கடப்பாக்கம்